மேஜர் பயிற்சி கொடுத்த சிரிப்புப் படம்

ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வயது அறுபத்திரண்டு. முதுகுக்கு மட்டும் இன்னும் முப்பது தாண்டவில்லை. அந்த முதுகை வளையாமல் காப்பாற்றிக்கொண்டு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். மனைவி அவரை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அவள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒருநாள் காலையில் மேஜர் ஜன்னல் கட்டையில் விரலை வைத்துத் தேய்த்து, விரல் நுனியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன?" என்று கேட்டார். முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுவந்த கேள்விதான்.

"தூசி," என்றாள் அவள். "இத்தனை வருஷமா அதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

உள்ளே போய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பையில் துணி எப்போது அடுக்கினாள் என்று மேஜர் யோசித்தார். அன்று காலையில் அடுக்கியிருக்க நேரமே இல்லை. பல நாளாகவே அது கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்திருக்க வேண்டும். "முன்கூட்டியே போட்ட திட்டம்," என்று மகளிடம் போனில் கத்தினார்.

"அப்பா, இது ஒண்ணும் யுத்தம் இல்ல."

"அதை உங்கம்மாகிட்ட சொல்லு."

ஆறு மாதம் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து விவாகரத்துக் காகிதங்கள் வந்தன. மேஜர் அவற்றை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அவர் அனுமதி கொடுக்காமல் யாரும் எங்கும் போக முடியாது என்பது அவர் எண்ணம்.

மகள் ஒரு சினிமாக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்பா வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களோடெல்லாம் மல்லுக்கு நிற்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு படம் எடுக்கத் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. குதிரைப்படைத் தளபதி ஒருவருக்கு வயதாகிவிட்டது. மனைவி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவரோ பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு விதவையின் மேல் ஆசை வைத்து, காதலையும் படை உத்தரவு போலவே பிறப்பித்து, போகிற இடமெல்லாம் மூக்கறுபடுகிறார். முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம். நடிகர்களுக்கு நடக்க, சல்யூட் அடிக்க, வாளைப் பிடிக்கச் சொல்லித்தர ஒரு ராணுவக்காரர் வேண்டியிருந்தது. மகள் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"கிழவன் காதலிச்சு அசிங்கப்படற கதைக்கு நான் பயிற்சி கொடுக்கணுமா?" என்று மேஜர் எகிறினார். மறுநாள் காலை ஏழு மணி படப்பிடிப்புக்கு ஆறே காலுக்குப் போய் நின்றார்.

தளபதியாக நடித்தவர் பேர்போன சிரிப்பு நடிகர். ஐம்பத்தெட்டு வயது, தொங்கும் கன்னம், அதைவிடத் தொங்கும் வயிறு. முதல் நாளே இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"வயித்தை உள்ள இழுங்க!"

"உள்ள இடம் இல்ல சார். ஏற்கெனவே ஃபுல்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஜர் சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக மனத்தில் குறித்துக்கொண்டார். நடிகரை வெயிலில் நாற்பது முறை சல்யூட் அடிக்க வைத்தார். இரண்டு நாளில் மொத்தப் படப்பிடிப்புக் குழுவும் அவருக்கு 'அட்டென்ஷன்' என்று பெயர் சூட்டிவிட்டது. அவர் வருகிறார் என்றால் விளக்குத் தூக்குபவர்கள் வேண்டுமென்றே விறைத்து நின்று கண்ணடித்துக்கொண்டார்கள். மேஜரும் விடவில்லை. குதிரைச் சேணம் தப்பு, வாள் உறை தப்பு, தேநீர்க் குவளை வைத்த மேஜை அழுக்கு என்று ஒன்று விடாமல் கரித்துக் கொட்டினார். பெட்டிகள் மீதும் நாற்காலிகள் மீதும் விரலைத் தேய்த்துப் பார்த்தார். இயக்குநரே அவரைக் கண்டால் வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் மேஜருக்கு வெறுப்பு வராத ஆள் ஒருத்திதான். உடைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த டெய்லரம்மா. ஐம்பத்தைந்து வயது. புருஷன் இறந்து எட்டு வருஷம். அவருக்கு முன்னால் வந்துசேரும் ஒரே ஆள் அவள். அவளுடைய அறையில் அறுபது சிவப்புக் கோட்டுகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் தொங்கின. முதல் தடவை அந்த வரிசையைப் பார்த்தபோது மேஜருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு காலர் உயரம் கேட்பது போலவும் தோள் பட்டை பார்ப்பது போலவும் ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த அறைக்குப் போய் வந்தார். அவள் வாய் நிறைய குண்டூசி வைத்திருப்பாள். அதனால் அதிகம் பேசமாட்டாள். அந்த மௌனமே சம்மதம் என்று மேஜர் கணக்குப் போட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம் ஒருநாள் மதியம் அவள் முன்னால் போய் நிமிர்ந்து நின்றார்.

"நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

டெய்லரம்மா தலையைத் தூக்கினாள். "எதைப் பத்தி? கோட்டுக் கை நீளத்தைப் பத்தியா?"

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நீங்க என்கூட சாப்பிட வர்றீங்க. அடுத்த மாசத்துக்குள்ள மத்த ஏற்பாட்டையும் முடிச்சிடலாம்."

"என்ன ஏற்பாடு? யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் பஞ்சுத் திண்டில் குத்தினாள். எல்லாவற்றையும் குத்தி முடித்த பிறகு பேசினாள்.

"உங்களுக்கு சம்சாரம் இருக்கில்ல சார்?"

"அது முடிஞ்சுபோன விஷயம்."

"முடிஞ்சுடுச்சா? காகிதத்துல கையெழுத்து போட மாட்டேங்கறீங்கன்னு உங்க பொண்ணு சொல்லிச்சு. அங்க அவங்களையும் விடமாட்டீங்க, இங்க என்னையும் வரச் சொல்லுவீங்க. நல்லா இருக்கே." குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கும் ஒரு புருஷன் இருந்தாரு. ஒரு டீ போடறதுன்னாகூட 'உனக்கும் வேணுமா'ன்னு கேட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைப்பாரு. அவரு போனப்போ ஒரு வருஷம் அழுதேன். நீங்க போனா யாரு அழுவாங்கன்னு கொஞ்சம் உக்காந்து யோசிங்க. இப்ப நகருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது மேஜருக்கு. மறுநாளிலிருந்து அவளும் எதிரிப் பட்டியலில் சேர்ந்தாள். கோட்டில் பித்தான் எட்டு இருக்கக்கூடாது, ஏழுதான் என்று இயக்குநரிடம் புகார் செய்தார். அவள் அந்தக் காலத்துப் புகைப்படமொன்றைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் நடுவில் அவர் கையில் கொடுத்து எண்ணச் சொன்னாள். எட்டுதான் இருந்தது.

ஆறாவது வாரம் சாப்பாட்டு அறைக் காட்சி எடுத்தார்கள். மனைவி மேஜையின் ஒரு கோடியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். தளபதி உள்ளே வரவேண்டும், நாற்காலியில் அமர வேண்டும்; அவ்வளவுதான் எழுதியிருந்தது. நடிகர் உள்ளே வந்தார். அமரவில்லை. இரண்டு தடவை வறட்டுத் தொண்டையைச் செருமினார். ஜன்னல் பக்கம் நடந்தார். கட்டையில் விரலைத் தேய்த்து, நுனியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டி, "இது என்ன?" என்றார்.

அந்தச் செருமல், அந்த நடை, கழுத்தை ஒரு பக்கம் வெட்டித் திருப்பும் விதம் எல்லாம் அச்சு அசல் மேஜர். விளக்குக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தது மேஜரைத்தான். அவருக்குக் காது மடல் வரை சூடேறியது.

ஒப்பனை அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"என் வீட்டு விஷயத்தை உனக்கு யாருடா சொன்னது?"

நடிகர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "வீட்டு விஷயமா? எனக்குத் தெரியாது சார். இங்க தினமும் எங்க நாற்காலியிலயும் பெட்டியிலயும் விரலைத் தேய்ச்சு மூஞ்சிக்கு நேரா நீட்டறீங்க. அதைத்தான் செஞ்சேன். வீட்டுலயும் இதேதானா?"

"நான் என்ன கோமாளியா?"

நடிகர் கன்னத்துச் சாயத்தைப் பஞ்சால் துடைத்தார். வழக்கமான இளிப்பு அவர் முகத்தில் இல்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு மணி நேரம் முன்னாடி போறேன்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க? 'போர்க்களத்துல அம்மா கிடையாது'ன்னீங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன், படம் முழுக்க உங்களை மாதிரியே நடிக்கறதுன்னு. பழி வாங்கினேன்னே வெச்சுக்குங்க. நான் ஒண்ணும் உத்தமன் இல்ல. கதவைச் சாத்திட்டுப் போங்க."

மேஜர் அன்றே வேலையை விட்டார். இயக்குநர் ஒப்புக்குக்கூடத் தடுக்கவில்லை.

படம் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. மகள் போனில் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே மேஜர் வைத்துவிடுவார். ஆனால் கடைக்குப் போனால் கடைக்காரர் செருமுகிறார். படிக்கட்டில் பிள்ளைகள் கைப்பிடியைத் தேய்த்து 'இது என்ன' என்கிறார்கள். மூன்றாம் வாரம், அந்த நடிகன் என்னதான் செய்து தொலைத்திருக்கிறான் என்று பார்க்க, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனார்.

ஜன்னல் காட்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். அதன் பிறகுதான் பெரிய அடி விழுந்தது. பியானோக்காரி முன்னால் தளபதி நிமிர்ந்து நின்று, "நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்" என்றார். டெய்லரம்மா அப்படியே ஒப்பித்திருக்கிறாள்! கொட்டகை இடிந்து விழுகிறாற்போல் ஜனம் சிரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, மூன்று வரிசைக்கு முன்னால், ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. விக்கல் மாதிரித் தொடங்கி, மூச்சு முட்டி, பிறகு தட்டு கீழே விழுந்து உருளுவது போல நீளும் சிரிப்பு. மேஜர் அதை எங்கோ கேட்டிருக்கிறார். கல்யாணமான புதிதில், முதல் குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகி அவர் தலையிலேயே சொட்டியபோது கேட்டது. 'இதுல சிரிக்க என்ன இருக்கு' என்று அன்றைக்கு அதட்டினார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அவருடைய மனைவி. பக்கத்தில் அவளுடைய அக்கா. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்கள்.

படம் முடிந்ததும் வாசல் கூடத்தில் அவர்களை மறித்து நின்றார்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

அவள் அதிர்ந்து ஒரு அடி பின்னால் போனாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு எதுக்கு வெக்கம்? டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன்."

"அது நான்டி. அந்த ஆள் நான்."

"தெரியும். அதனாலதான் மூணாவது தடவையா வந்திருக்கேன்."

அவள் நிறுத்தவில்லை.

"அந்த ஆள்கூடன்னா நான் இருந்திருப்பேன்."

"அவன்தான் நான்னு ஒத்துக்கிட்டல்ல? அப்புறம் என்ன?"

"அவன் விரலை நீட்டினா ஐநூறு பேர் என்னோட சேர்ந்து சிரிக்கறாங்க. நீங்க நீட்டும்போது நான் ஒருத்திதான் இருந்தேன். தனியா ஒருத்தி எப்படிங்க சிரிக்கறது? பயந்துதான் செத்தேன்."

வெளியே மழை பிடித்திருந்தது. மேஜர் எதையோ சொல்ல நினைத்தார். தொண்டையைச் செருமினார். வாயிலிருந்து வந்தது வேறு. "மழை வர்ற மாதிரி இருந்தா குடை எடுத்துட்டு வரணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எங்க குடை?"

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காதான் முதலில் வெடித்தாள். அந்தக் கூடத்திலேயே இருவரும் மறுபடி குலுங்கிச் சிரித்தார்கள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "ஐயோ, அப்படியே படத்துல வர்றவரு மாதிரியே இருக்காருல்ல!" என்றார். மேஜர் கையை ஓங்கப் போய், என்ன செய்கிறோம் என்று உணர்ந்து கீழே இறக்கினார். அவள் சிரிப்பு நின்றது.

"கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க," என்றாள். "இனிமே உங்களைப் பாக்கணும்னா நான் இங்க வந்து பாத்துக்கறேன்."

மேஜர் நாற்பது நாள் பிடிவாதம் பிடித்தார். பிறகு காகிதங்களை எடுத்துப் படித்து, மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, திருத்தி அனுப்பும்படி வக்கீலுக்குத் திருப்பினார். திருத்தியே வந்தது. கையெழுத்துப் போட்டார். கோர்ட்டில் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. நீதிபதி கேட்டதற்கெல்லாம் 'யெஸ் சார்' என்று விறைப்பாகப் பதில் சொன்னார். அங்கேயும் யாரோ பின்னால் களுக்கென்றார்கள்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "எதிர்ல கடை இருக்கு. ஒரு டீ குடிச்சிட்டுப் போறீங்களா?"

"வேலை இருக்கு," என்றார்.

ஒரு வேலையும் இல்லை. அவள் தலையாட்டிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள். கடைப் பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேஜர் பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேல் ஆத்திரப்பட முயன்றார், வரவில்லை. நடிகன் மேல் முயன்றார். டெய்லரம்மா மேல் முயன்றார். எல்லாம் நமுத்துப்போய் இருந்தது. மிச்சமிருந்த கோபம் யார் மேல் என்று புரிந்தபோது, அதை எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை அது.

பஸ் வந்தது.

"நாலு நிமிஷம் லேட்டு," என்று கண்டக்டரைப் பார்த்துச் சீறினார்.

"யோவ் பெருசு, ஏறுறதுன்னா ஏறு," என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் விசிலை ஊதினார். மேஜர் ஏறினார்.