ஏனக்காவின் கையெழுத்து

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கம்பெனியின் நான்கு மாடியிலும் அவர் ஏனக்கா. யார் எதைச் சொன்னாலும் முதலில் "ஏன்?" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். பதினோரு வருடமாக சப்போர்ட் பிரிவில் இருக்கிறார்.

மற்றவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது கம்பெனியின் தொழில். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் திட்டமிடுவோர் வந்து சுவர் முழுக்க வண்ணக் காகிதம் ஒட்டுவார்கள். பிறகு கட்டுவோர் வந்து, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டுவார்கள். அடுத்து வரும் சோதிப்போர், கெடு நெருங்கிவிட்டதால் பாதியைச் சோதித்துவிட்டு மீதியை நம்புவார்கள். கடைசியில் ஒப்படைப்பு என்றொரு சடங்கு. 'எல்லாம் விளக்கப்பட்டது, எல்லாம் புரிந்தது' என்று அச்சிட்ட படிவத்தில் சப்போர்ட் ஆள் கையெழுத்துப் போடவேண்டும். அந்த மை காய்வதற்குள் முதல் மூன்று கூட்டமும் அடுத்த வேலைக்குப் பறந்துவிடும். அதன்பின் எது உடைந்தாலும் பழி கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும். சமைத்தவர்கள் கிளம்பிப்போன பிறகு, பாத்திரம் கழுவுகிறவரைக் கூப்பிட்டு உப்பு ஏன் இல்லை என்று கேட்பது போல.

இந்தத் தடவை ஏனக்காவிடம் வந்தது ஓர் ஆஸ்பத்திரி வேலை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலை நோட்டிலிருந்து திரைக்கு மாற்றியிருந்தார்கள். ஆறு வாரமாக வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒப்படைப்பு.

வேலையின் மேலாளருக்குப் பச்சை என்று பெயர். வாராந்தர அறிக்கையில் நலம் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு என்று மூன்று நிறம் உண்டு. ஒன்பது வருடத்தில் மற்ற இரண்டையும் அவர் தொட்டதே இல்லை. மூன்றாம் மாடியில் குழாய் வெடித்துக் கம்ப்யூட்டர்கள் மிதந்த வாரத்தில்கூட அவர் அறிக்கை, தண்ணீர் கண்ட செடிபோல இன்னும் பச்சையாகத்தான் போனது.

ஒப்படைப்புக் கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதப்பட்டது. ஏனக்கா படித்தார். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி: 'வேலை நாள்களில் காலை 9.40 மணிக்கு இயந்திரத்தை அணைத்து மீண்டும் போடவும். காரணம்: வழக்கம்.'

கையேட்டைத் தூக்கிக்கொண்டு பச்சையின் அறைக்குப் போனார்.

"இது ஏன்?"

"அதான் வழக்கம்னு போட்டிருக்கே அக்கா."

"மிஷின் வந்தே ஆறு வாரம்தான் ஆகுது. பிள்ளைக்குப் பல்லே முளைக்கல, அதுக்குள்ள வழக்கம் வந்துருச்சா?"

"அணைச்சுப் போட்டா ஒழுங்கா ஓடுது. ஒழுங்கா ஓடுறதை எதுக்கு நோண்டணும்?"

"அணைக்காம விட்டா?"

பச்சை குரலைத் தாழ்த்தினார். "அதை யாரும் விட்டுப் பார்த்ததில்ல."

பூனை குறுக்கே போனதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவரைப் பார்த்தால் இந்தக் கட்டடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதே கட்டடத்தில், பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள், தினமும் ஒன்பது நாற்பதுக்குப் பயபக்தியோடு ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்காமல் செய்கிற காரியத்துக்கு எந்தக் கட்டடத்திலும் ஒரே பெயர்தான்.

"காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார் ஏனக்கா.

"போடலைன்னா உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடணும்னு மேலிடத்துல முன்னாடியே சொல்லிட்டாங்க. உங்களுக்குக் கொடுக்க வேற இடமும் காலி இல்ல. பார்த்துக்கோங்க அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நம் நல்லதுக்குச் சொல்கிறவர்கள் எப்போதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கணவர் பஸ் டிரைவர். அவரும் தினமும் காலையில் டிப்போவில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்: 'பிரேக் சரிபார்க்கப்பட்டது.'

"நீங்க பார்த்துட்டுத்தானே போடுறீங்க?"

"எங்க நேரம் இருக்கு? போட்டுட்டு, தெருமுனையில ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துக்குவேன்."

"நல்ல ஆளு! உங்ககிட்ட போய் நியாயம் கேட்டேன் பாரு."

"இரு. நான் போடுறது பொய்க் கையெழுத்துதான். ஆனா அந்த வண்டியில முதல் சீட்டுல நானும்தான் உக்கார்றேன். உங்க பச்சை எந்த சீட்டுல உக்கார்றாரு?"

ஏனக்காவின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது. பச்சை ஏறப்போகிற வண்டியே இல்லை அது. அவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கே போனார். தலைமை நர்சை அங்கே எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். பழைய நோட்டைத் தூக்கி எறியுமாறு திட்டமிடுவோர் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எறிஞ்சுட்டீங்களா சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் கையுறைப் பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை உருவினார். "எறிஞ்சிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். தினமும் எழுதிக்கிட்டுதான் இருக்கேன்."

இருவரும் நோட்டையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார்கள். நோட்டில் இருந்த பதினொரு பேர் திரையில் இல்லை. பதினொருவரும் மிக நீண்ட நாளாகக் காத்திருந்தவர்கள்.

ஏனக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பட்டியலைக் கட்டியவருக்குப் போன் போட்டார். அவர் வேறு ஊரில், வேறு வேலையில் இருந்தார்.

"அதுவா அக்கா? ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு டெமோ காட்டின அன்னிக்கு லிஸ்ட் ரொம்ப மெதுவா வந்துச்சு. முந்நூறு பேருக்கு மேல வேண்டாம்னு தற்காலிகமா ஒரு வரம்பு போட்டேன். புது ஆள் வந்தா மேல இருக்கிற பழைய ஆள் வெளிய விழுவார். ஒரு நாளுக்குள்ள அணைச்சுப் போட்டா விழுந்தவர் திரும்ப வந்துடுவார்."

"ஒரு நாள் தாண்டிட்டா?"

"அழிஞ்சிடும். அந்த வரம்பை எடுக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள என்னை அடுத்த ப்ராஜெக்டுக்குத் தூக்கிட்டாங்க."

"லீவு நாள்ல யாரு அணைச்சுப் போடுவா?"

"யாரும் இல்லதான் அக்கா. அப்ப விழுந்தவங்கதான் அழிஞ்சிருப்பாங்க."

"சரி, அது ஏன் ஒன்பது நாப்பது?"

"நான் காபி குடிச்சுட்டு வர்ற நேரம் அக்கா."

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் ஆஸ்பத்திரி நிர்வாகி, பெரிய சிஸ்டர், பச்சை, அவருக்கு மேலே இருவர். பச்சை படிவத்தை நகர்த்திப் பேனாவைத் திறந்தே கொடுத்தார். ஏனக்கா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பச்சையின் முகம் அறிக்கை நிறத்துக்குத் திரும்பியது.

படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. கம்பெனி தோன்றிய நாளிலிருந்து எல்லாரும் அதில் 'இல்லை' என்று எழுதிவந்திருக்கிறார்கள். ஏனக்கா அதில் ஒன்பது வரி எழுதினார். பதினொரு பெயரும் எழுதினார்.

பச்சை தலைகீழாகவே படித்துவிட்டார். "அக்கா, இதை நாம தனியா பேசிக்கலாமே."

"தனியா பேசினா தனியாவே போயிடும். எல்லாம் புரிஞ்சுதுன்னு கையெழுத்துக் கேட்டீங்க. புரிஞ்சுது. புரிஞ்சதை எழுதியிருக்கேன்."

நிர்வாகி கையை நீட்டிப் படிவத்தை வாங்கினார். பெரிய சிஸ்டர் நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார்.

"இதுல முதல் பேரு ஒரு தையல்காரர். இடுப்பு எலும்பு தேஞ்சு, உக்கார முடியாம பதினாலு மாசமா நின்னுக்கிட்டே தைக்கிறார். போன வாரம் வந்தார். கவுன்டர்ல திரையைப் பார்த்துட்டு, உங்க பேரே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

நிர்வாகி ஏனக்காவைப் பார்த்துக் கேட்டார்: "இதைச் சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மதியம்," என்றார் ஏனக்கா.

ஒரு மதியம்தான் ஆனது. பதினொரு பேரும் பட்டியலில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். தையல்காரருக்குத் தேதி கிடைத்தது. ஏனக்காதான் சப்போர்ட்டில் இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கேட்டதால், அவரை எடுக்கும் பேச்சை எல்லாரும் ஒரே நேரத்தில் மறந்தார்கள். பச்சைக்கு, பிழையை முன்கூட்டியே கண்டறிந்த தலைமைப் பண்புக்காகக் கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் ஏனக்காவும் ஒருவர். ஏன் தட்டுகிறோம் என்று அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு வேலையின் ஒப்படைப்பு வந்தது. படிவத்தைப் புதிதாக, அழகாக அச்சிட்டிருந்தார்கள். குறிப்புகள் என்ற கட்டம் அதில் இல்லை.

ஏனக்கா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முழுதும் வெள்ளையாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.