சொதியில் உப்பு

பாசிட்டிவாக இரு என்று என்னிடம் சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால், வரிசை டெல்லியில் எங்கள் கிட்வாய் நகர் குடியிருப்பின் வாசலில் தொடங்கி ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போகும். அலுவலகத்துத் தோழிகள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் நர்ஸ் சொன்னாள். லிஃப்ட்டில் பார்க்கும் பஞ்சாபி ஆன்ட்டி என் கன்னத்தைத் தட்டி, "பாசிட்டிவ் ரஹோ, பேட்டா" என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கும் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. புளியைக் கரை, கடுகைத் தாளி என்பதுபோல ஒரு பக்குவம் இருந்தால் நானும் செய்துவிட்டுப் போவேனே!

மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு எனக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அலுவலகத்துக்கு நீண்ட விடுப்பு. கணவர் காலையில் அவருடைய அமைச்சகத்துக்குப் போய்விடுவார், மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். தலையில் முடி இல்லாமல், தொப்பி போட்டுக்கொண்டு, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி போகாத இடமெல்லாம் போகும். அதனால் நான் சமைத்தேன். சமையலுக்கு ஆள் வைத்துக்கொள் என்று சொன்னவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன். அடுப்படியையும் விட்டுவிட்டால் அப்புறம் நான் இந்த வீட்டில் வெறும் நோயாளிதான் என்கிற பயம் எனக்கு.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். சாமிக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பு. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிற வேலையெல்லாம் எங்களிடம் கிடையாது. கொதி வரும்போது எழும் வாசனையிலேயே உப்பு கூடவா குறையவா என்று தெரிந்துவிடும், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். டெல்லிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் நான் ருசி பார்த்துச் சமைத்ததில்லை. யாராவது ஆச்சரியப்பட்டால், "தூத்துக்குடிக்காரிக்கு உப்பு சொல்லித் தரணுமா?" என்று பீற்றிக்கொள்வேன்.

அந்த மருந்து முதலில் என் மூக்கை வாங்கிக்கொண்டது. பிறகு நாக்கு. எதை வாயில் வைத்தாலும் இரும்புக் கம்பியை நக்குவதுபோல இருந்தது. பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, உப்பை அள்ளினால் கல் உப்பா தூளுப்பா என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் இத்தனை வருஷக் கை, அது தப்பாது என்று நினைத்தேன். தப்பவில்லை என்றுதான் வீட்டிலும் சொன்னார்கள். கணவர் ஒவ்வொரு வேளையும், "பிரமாதம்" என்பார். மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு வாயில் முதலில் இந்திதான் வரும். "மம்மா, மஸ்த் ஹை!" என்பாள், அருமையாக இருக்கிறதாம். எனக்கு ஒரு கவளம் இறங்காது. அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அரைமணி நேரம் நான் நன்றாக இருந்தேன் என்பது நிஜம்.

எனக்கும் அவருக்கும் இடையில் வேறொரு ஏற்பாடும் இருந்தது. முதல் பரிசோதனை முடிவு வந்தபோது அதை நானே வாங்கிப் படித்து, ஒவ்வொரு வார்த்தையையும் செல்போனில் தேடி, விடிவதற்குள் மனசால் செத்துப் பிழைத்தேன். அதைப் பார்த்த அவர், "இனி நீ படிக்கவே வேண்டாம். நான் படிக்கேன், டாக்டர்ட்ட பேசுதேன், உள்ளதை உள்ளபடி உனக்குச் சொல்லுதேன்" என்றார். சம்மதித்தேன். அதன் பிறகு எல்லா முடிவும் அவருடைய போனுக்குத்தான் வரும். அவர் வந்து, "நல்லாருக்கு" என்பார். நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

அப்போதுதான் என் தங்கை ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கு மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது. வந்து இறங்கியது சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தார்கள், பருப்புக் குழம்பு ஊற்றினேன். அவள் ஒரு வாய் வைத்தாள், அப்படியே நிறுத்தினாள்.

"ஏக்கா, என்ன குழம்பு இது? உப்பளத்துல இருந்து நேரா அள்ளிப் போட்டியா? மனுசன் திம்பானா இத?"

"நல்லாத்தானே இருக்கு" என்றார் என் கணவர், அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டே.

"என்னத்த நல்லாருக்கு அத்தான்? உங்க நாக்கு செத்தா போச்சு?"

மகள் தட்டைப் பார்த்தபடி, "சித்தி, ப்ளீஸ். தோடா ஜ்யாதா ஹை, பஸ்" என்றாள். கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்கிறாள். அப்போதுதான் அவர் தட்டுக்கும் மகள் தட்டுக்கும் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பும், ஒரு பெரிய கிண்ணத்தில் தயிரும் இருப்பதைக் கவனித்தேன். தினமும் அவை அங்கே இருந்தன. எனக்குத்தான் தோன்றவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். மகள் தயிர்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள், நான் கையைத் தட்டிவிட்டேன்.

உப்பு கூடிப்போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அதைவிடப் பெரியதொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அலமாரியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"ஏன் சொல்லல?"

"நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே சமைக்க. அதப் பாத்துட்டு எப்படிச் சொல்ல? உன் மனசு நோகாமப் பாத்துக்கணும்னு டாக்டரும் சொல்லியிருக்காரு."

"அப்ப, ரிப்போர்ட் நல்லாருக்கு நல்லாருக்குன்னு வந்து சொன்னியளே, அதுவும் இந்தக் குழம்பு மாதிரித்தானா?"

அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார். "அது வேற, இது வேற."

"வாய் ஒண்ணுதானே" என்றேன்.

சாமி படத்தின் முன்னால் நின்று சத்தியம் செய்தார். சமையலில்தான் பொய் சொன்னேன், ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட மறைக்கவில்லை என்றார். நம்ப வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் நம்பிக்கை கேட்டால் வருகிற பொருளா? அவருடைய போனை எடுத்து நானே பார்த்திருக்கலாம், பூட்டெல்லாம் கிடையாது. கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பார்த்தால் பழையபடி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக்கொண்டு கிடப்பேன், பார்க்காவிட்டால் இவரைச் சந்தேகித்தே சாவேன். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டதுபோல ஆயிற்று என் நிலைமை. அவர் போனில் சிரித்துப் பேசினால் எனக்காக நடிக்கிறார் என்று தோன்றும். பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று தோன்றும். மகள் என்னைக் கட்டிக்கொண்டால் இவளுக்கும் தெரியும்போல என்று தோன்றும். உண்மையில் நோயைவிட அந்த நாட்கள்தான் என்னை அதிகம் தின்றன.

தங்கை ஊருக்குப் போகும் முன் ஒரு அளவு ஸ்பூனை வாங்கிவந்து உப்பு ஜாடிக்குள் போட்டாள். எந்தக் குழம்புக்கு எத்தனை என்று சொல்லிக்கொடுத்தாள். உப்பு அளந்து போடுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அவமானம்தான், ஆனால் அந்த ஸ்பூன் என்னைக் கைவிடவில்லை. அதன் பிறகும் அவர் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு நிஜமாவே நல்லாருக்கு" என்பார். அந்த 'நிஜமாவே'யைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

அடுத்த ஸ்கேன் குளிர்காலத்தில் வந்தது. அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து வேலை செய்திருந்தால் இத்தோடு நிறுத்தலாம், இல்லையென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். எடுத்த ஸ்கேனின் முடிவைச் சொல்லும் நாளன்று எதிர்க் கட்டிடம்கூடத் தெரியாத அளவுக்குப் புகை. இந்தக் காற்றில் நோயாளி வர வேண்டாம், கணவர் மட்டும் வந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அவர் மாஸ்க் மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பினார். நான் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அன்று சொதி வைத்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் குழம்பு அது, அவருக்கு உயிர். தேங்காயை மிக்ஸியில் அரைத்து மூன்று பால் எடுத்தேன். காயும் பாசிப்பருப்பும் வெந்ததும் கெட்டிப்பாலை ஊற்றி, இறக்கி, ஸ்பூனால் அளந்து உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்தேன். சாமிக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்துப் படைத்தேன். பிறகு சட்டிக்குத் திரும்பி வந்து, அதே ஸ்பூனால் இன்னும் உப்பு போட்டேன். போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். சாமியைச் சோதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இவரைச் சோதிக்க இருந்தது.

இன்றைக்கும் இதை, "பிரமாதம்" என்று சொன்னால், அதன் பிறகு அவர் சொல்லும் எந்த வார்த்தையையும் கேட்கப் போவதில்லை. போனைப் பிடுங்கி நானே படித்துக்கொள்வேன். இப்படி முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தார். மாஸ்க்கைக் கழற்றி, முகம் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். வெளியே போய் வந்தவரிடம் சாப்பிடும் முன் சேதி கேட்கக் கூடாது என்பதும் எங்கள் வீட்டுப் பழக்கம்தான். நான் கேட்கவில்லை, அவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. சோற்றைப் போட்டுச் சொதியை ஊற்றினேன், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி வைத்தேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

மெல்லுவது நின்றது. விழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உப்பு ரொம்பக் கூடிப்போச்சு. திங்க முடியல" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பல நாளாகத் தொலைத்திருந்த என் கணவர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. இனி இவர் சொல்வதை நான் நம்பியாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னும் இருக்கு. ஈரல்லயும் ஒரு இடத்துல தெரியுதாம். வேற மருந்து ஆரம்பிக்கணுங்காரு."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரே ஒரு முறை, பழையபடி அந்தப் பொய்யை இவர் சொல்லக் கூடாதா என்று கத்த வேண்டும்போல இருந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மரத்துப்போன விரல்களுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"அந்த மருந்துல சரியாயிருமா?"

என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊர் முழுக்க எனக்குச் சொல்லும் வார்த்தை அது.

"தெரியல" என்றார். "டாக்டருக்கும் தெரியல. பாப்போங்காரு."

அழுகை வந்தது, அழுதேன். அவரும் எச்சில் கையோடு அழுதார். பிறகு நான் எழுந்து போய், சாமி முன் வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து வந்தேன். உப்புச் சொதியைத் தட்டோடு எடுத்துவிட்டு, வேறு தட்டில் சோறு போட்டு இதை ஊற்றினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாய் வைத்தார்.

"இது எப்படி இருக்கு?" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு வாய் எடுத்து வைத்தார்.

"இது நல்லாருக்கு" என்றார்.

நம்பினேன்.