ஒரு பிள்ளைக்குச் சைவபாடம்

1997 மார்ச் 4, செவ்வாய், காலை எட்டேகால், காற்றில்லாத புழுக்கம். கொழும்பு கிராண்ட்பாஸில் பேத்தி படித்த முஸ்லிம் அரசாங்கப் பாடசாலைக்கு முறையிடப் போனேன். யுத்தகாலச் சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தூரத்து இந்துப் பாடசாலைக்கு அனுப்பப் பயந்து அவளை அங்கே சேர்த்திருந்தோம். வகுப்பில் சைவப் பிள்ளை அவள் ஒருத்திதான். சமயபாட நேரத்தில் சும்மா இருந்தாள். அவளுடைய சமயத்தை அவளுக்குப் படிப்பிக்கப் பாடசாலை சட்டப்படி கடமைப்பட்டது. பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரணதரப் பரீட்சையிலும் சமயம் கட்டாயப் பாடம்.

ஆசிரியர் இல்லை என்று அதிபர் கைவிரித்தார். பக்கத்தில் நின்ற கணித ஆசிரியர், தொப்பியிலும் சோக்குத்தூள் படிந்த ஒல்லியான மனிதர், "நான் படிச்சிக் குடுக்கிறன்" என்றார்.

"சேருக்குத் தேவாரம் தெரியுமோ?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"தெரியாது ஐயா. புத்தகம் இரிக்கி. படிச்சிக் குடுக்கிறது அவட உரிம, பாடமாக்குறது அவட பொறுப்பு. நான் பாடினா நீங்க திரும்பவும் முறைப்பாடு கொண்டு வருவீங்க."

சில மாதங்களின் பின் ஜன்னலால் பார்த்தேன். பேத்தி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தேவாரம் சொன்னாள். அவரும் வெறுங்காலோடு நின்றார். பாடம் முடிந்ததும் காரணம் கேட்டேன்.

"புள்ள கழட்டுறா. நான் மட்டும் போட்டுக்கிட்டு நிண்டா நல்லாவா இரிக்கும்?"

பேத்தி பரீட்சையில் சமயபாடத்தில் சித்தியடைந்தாள். அவர் என்ன நினைத்து அந்தப் பாடத்தை நடத்தினார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. பாடசாலைக்கு எதிராக மேலிடத்துக்கு அனுப்பவென்று முன்பே சட்டத்தரணி எழுதித் தந்த கடிதம் அனுப்பப்படாமலே கிடந்தது. அதற்கு நான் கொடுத்தது முந்நூறு ரூபா.