ஒயர் பிடிக்க ஓர் ஆள்

வேலி வெட்டும் இயந்திரம் வாங்க வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கிடர்பூர் கடைக்காரர் கேட்டார்.

"ஒயர் மெஷினா, பேட்டரி மெஷினா அங்கிள்? ஒயர்னா, அது பிளேடுல மாட்டாம பின்னாடி நின்னு தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும். வீட்ல இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்றார் இராஜமாணிக்கம், கடைக்காரரின் அதே இந்தியில்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் யாரும் இல்லை. மகள் ஜெயப்ரியாவின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்குப் பெங்களூர் போன மனைவி சுலோசனா, ஏழு மாதமாகியும் திரும்பவில்லை. இரண்டு முறை டிக்கெட் போட்டார்கள். முதல் முறை குழந்தைக்குச் சளி, இரண்டாவது முறை மகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். இரண்டையும் கேன்சல் செய்தவர் இவர்தான்.

கடைக்காரர் இரண்டு இயந்திரங்களையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒயர் வைத்தது லேசாக இருந்தது. பேட்டரி வைத்தது கூடுதலாக ஒரு கிலோ கனம். முக்கால் மணி நேரம் ஓடினால் மூச்சு நின்றுவிடுமாம். இராஜமாணிக்கத்துக்கு வலது தோள் இறுகிப் போய் எட்டு மாதம். கத்தரிக்கோல் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் இயந்திரம் தேடி வந்தார். தோளைக் கேட்டால் ஒயர். வீட்டைக் கேட்டால் பேட்டரி.

"நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர் அவர். இரும்புத் தகட்டில் எங்கே வெட்ட வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை. அவர் போட்ட கோட்டை யாரும் திரும்ப அளந்து பார்த்ததில்லை. ஓய்வு பெறும் முன்பே அங்கேயே ஒரு சந்தில் சின்னதாக வீடு கட்டி, முன்னால் நாற்பதடிக்கு மருதாணி வேலி வைத்தார். சந்தின் வங்காளிகள் பாதிப் பெயரை விட்டுவிட்டு, அண்ணன் என்று சேர்த்து மாணிக்தா என்றார்கள். சுலோசனா எல்லோருக்கும் பௌதி, அண்ணி.

வருடத்துக்கு இரண்டு முறை வேலி வெட்டுவார்கள். அவர் உள்ளே ஸ்டூல் மேல் நிற்பார். அவள் சந்தின் எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டு உத்தரவு போடுவாள்.

"இடது பக்கம் ஏறுது பாருங்க."

"நூல் கட்டியிருக்கேன்டி. எப்படி ஏறும்?"

"நூல் நேராத்தான் இருக்கு. வேலி இல்லையே."

"கப்பலுக்கே கோடு போட்டவன்கிட்ட சொல்றியா?"

"கப்பல் தண்ணிக்குள்ள போயிடுச்சு, யாரு பாத்தா? இதைத் தெருவே பாக்குது."

இறங்கிப் போய்ப் பார்த்தால் இடது பக்கம் ஏறித்தான் இருக்கும். அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பேசாமல் ஸ்டூலை இடது பக்கம் நகர்த்திப் போடுவார், அவ்வளவுதான்.

இந்த மழைக்கு மருதாணி ஜன்னலை மறைத்து வளர்ந்துவிட்டது. எதிர்வீட்டு கோஷ் பாபுவின் குடை அதில் மாட்டிக் கிழிந்ததும் அவர் கோபப்படவில்லை. "பௌதி கபே ஆஷ்பேன்?" என்றுதான் கேட்டார். அண்ணி எப்போது வருவாள் என்று. "துர்கா பூஜைக்கு வந்துடுவா" என்றார் இவர்.

கடைக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் காலையில் வைத்த ரசத்தைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோது சுலோசனாவின் போன் வந்தது. பின்னால் குழந்தை அழுதது.

"மெஷின் வாங்கிட்டீங்களா?"

"ரெண்டு தினுசு இருக்கு. ஒயர் வச்சது லேசு. தோளுக்கு அதான் நல்லது. ஒயரை மட்டும் ஒரு ஆள் பிடிக்கணும்."

"அய்யோ, ஒயர் வேணாங்க. அறுத்து வச்சீங்கன்னா யாரு இருக்கா பாக்க? பேட்டரியே வாங்கிடுங்க."

ரசம் நுரை கட்டி மேலே வந்தது. அடுப்பை அணைத்தார்.

"பூஜைக்கு வந்துடுவேல்ல? அதுவரைக்கும் வேணா வேலியை விட்டு வைக்கலாம்."

குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜெயா காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வர்றா. இதை யாருகிட்ட விட்டுட்டு வர்றது? பொங்கல் கழிச்சுப் பாப்போங்க. நீங்களும்தான் இங்க வாங்களேன்."

"வந்து? ஹால் சோபாவுல எத்தனை நாள் படுக்கிறது?"

"சரி, சாப்பிடுங்க. ஆறிடப் போகுது."

மறுநாள் பேட்டரி இயந்திரத்தை வாங்கிவிட்டார். "ஆள் இருக்குன்னீங்களே அங்கிள்?" என்றார் கடைக்காரர். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றார். ஏழு மாதத்தில் சந்துக்கு வெளியே ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலியை வெட்டினார். இயந்திரம் வெண்ணெய் மாதிரி வெட்டியது. தோள்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கெஞ்சியது. நான்கடி வெட்டுவார், நிறுத்துவார், கேட்டைத் திறந்துகொண்டு எதிர்ச் சுவரோரம் போய் நின்று பார்ப்பார், திரும்பி வருவார். எட்டாவது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார். கோஷ் பாபு பால்கனியில் டீயோடு நின்று, "மாணிக்தா, காலை வாக்கிங்கா?" என்று சிரித்தார்.

முடித்ததும் எதிர்ச் சுவரோரம் நின்று வீடியோ கால் போட்டார். சுலோசனா தோளில் குழந்தையோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க." திருப்பினார். "இடது பக்கம் ஏறுதே."

ஏறித்தான் இருந்தது. அவள் போன் எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"ஆமா, ஏறுது" என்றார்.

ஒப்புக்கொண்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "அப்ப இப்பவே சரி பண்ணிடுங்க, நான் பாத்து சொல்றேன்" என்றாள்.

"சார்ஜ் தீந்துபோச்சு. நாளைக்குக் காலையில வெட்டுறேன். எட்டரைக்குக் கூப்பிடுறேன், பாத்துச் சொல்லு."

"எட்டரைக்குக் குளிப்பாட்டுவேன். ஒன்பதுக்குக் கூப்பிடுங்க."

"ஒன்பதுக்கு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஸ்டூல் மேல் கிடந்த இயந்திரத்தில் சார்ஜைக் காட்டும் நான்கு பச்சை விளக்குகளில் இரண்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தன. பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, வெட்டுப்பட்டு விழுந்த மருதாணியைக் கூட்டத் துடைப்பத்தை எடுத்தார்.