பீட்டர் நிரந்தரமான கதை

ஆரம்பாக்கத்து பீட்டர் எங்கள் கம்பெனியில் சர்வர் மிஷின்களைச் சோதிக்கும் காண்ட்ராக்ட் ஆள். சர்வர் அறையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. அவர் பேசுவதே குறைவு; பேசினால் மிஷினோடுதான். விற்பனைக்குப் போகும் மிஷினின் சோதனை தேறினால் அவரை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் துளசிராமன் சொல்லியிருந்தார்.

தேறவில்லை. பக்கத்து மிஷின் அனுப்பும் தகவலைச் சேர்த்துவிட்டேன் என்கிறது நெட்வொர்க் கார்டு. புரோகிராம் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. காரணத்தை பீட்டர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு வரி மாற்றவும் மேனேஜர் அனுமதி வேண்டும். அனுமதிக்க அவருக்குப் புரிய வேண்டும்.

"புரோகிராம் மெமரியில ஒரு இடத்தை கார்டுகிட்ட பதிஞ்சு வெக்குது சார். கார்டுக்கு இடம்தான் தெரியும், ஆள் தெரியாது. அப்பால புரோகிராம் தன்னையே நகலெடுத்து ஒரு குட்டி போடுது. இந்த மிஷின்ல ஓடுற பழைய லினக்ஸ்ல தாயும் குட்டியும் அதே இடத்தைப் பகிர்ந்துக்கினு இருக்கும். யாரு மொதல்ல எழுதுறாங்களோ, அவங்களை நகல் இடத்துக்கு மாத்திடும். தாய் எழுதிச்சு, மாறிடுச்சு. கார்டு பழைய இடத்துலயே கொட்டிக்கினு கீது."

"மிஷினு குட்டி போடுதா? யாரைக் கேட்டு?" என்றார் துளசிராமன்.

பீட்டர் உதாரணத்துக்கு இறங்கினார். கேன்டீன் ஞானம்மா சாப்பாட்டு கேரியரை ஆளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து வைப்பவர். பீட்டர் அதேபோன்ற வேறு மேசைக்கு மாறிவிட்டால், கேரியர் பழைய மேசைக்கே போகும். அங்கே புதிதாக உட்கார்ந்தவன் சாப்பிடுவான், பீட்டர் பட்டினி.

மேனேஜருக்கு நன்றாகவே புரிந்தது. உடனே ஞானம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அவரு மேசைய உட்டு எழுந்ததே இல்லியே நைனா. நான் எங்க தப்பா வெச்சேன்?" என்றார் ஞானம்மா.

அது வெறும் உதாரணம் என்று பீட்டர் கெஞ்சினார்.

"உதாரணத்தை சரி பண்ணிட்டா அசலு தன்னால சரியாயிடும்பா" என்றார் துளசிராமன்.

பீட்டர் ஒரு தாள் எடுத்தார். அதில், ஞானம்மா கேரியர் வைக்கும் மேசையில் வேறு யாரையும் உட்காரவிடக் கூடாது, அதற்கேற்றபடி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று எழுதி நீட்டினார். துளசிராமன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பீட்டர் மிஷினில் அந்த வரியைச் சேர்த்தார்: பதிந்த இடத்தைக் குட்டியோடு பகிராதே. தகவல் மளமளவென்று வந்து இறங்கியது.

மிஷினை வாங்க வந்தவர்கள் எப்படிச் சரியானது என்று கேட்டார்கள். சாப்பாட்டு முறையை மாற்றினோம் என்றார் மேனேஜர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஷின் ஓடியதால் கை குலுக்கினார்கள்.

பீட்டருக்கு நிரந்தர ஆணை வந்தது, கேன்டீன் பிரிவில். யார் எந்த மேசை என்று பார்த்துச் சொல்லும் வேலை. அவர் அதை இரண்டு தடவை படித்தார். சர்வர் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டார்.