நீங்கள் எதை நகர்த்தினாலும்

எழுபதுகளின் பிற்பகுதியில் சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடை ஒன்றில் ஞாயிறு காலைகளில் சதுரங்கப் பித்தர்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். எந்தச் சிப்பாயில் தொடங்குவது, உலக வெற்றியாளர்களில் யார் பெரியவர் என்று குரல் உயரும். கடைக்காரர் மின்விசிறியைக் கூட்டுவார்.

அந்த ஆண்டு ஒரே ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. புக்கிட் மேராவிலிருந்து, பூசை முடிந்து நேரே வரும் குமாஸ்தா ஒருவர், ஐரோப்பாவில் முகம் தெரியாத ஒருவருடன் அஞ்சலட்டையில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு நகர்வுக்கு ஓர் அட்டை. போட்டியில் அது அவருக்குக் கடைசி ஆட்டம். வென்றால் மேல்பிரிவு. முன்பே இரண்டு முறை நூலிழையில் தவறியவர். இம்முறையும் தவறினால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார்.

கடைப் பலகையில் அந்த நிலையை அடுக்கிப் பார்த்தோம். ஆட்டம் அவர் கைக்குள் இருந்தது. இந்த அட்டையில் யானையை எதிராளியின் காவலற்ற சிப்பாய்க்கு நேராக நிறுத்துவார். அடுத்ததில் வெட்டுவார்.

“எதுக்குண்ணே இன்னொரு கார்டு?” என்றார் எங்களில் கைதேர்ந்தவரான டாக்சி ஓட்டுநர். “நீ எதை நகர்த்தினாலும் வெட்டுவேன்னு இதுலயே எழுதிடுங்க லா. நாள் மிச்சம்.”

அஞ்சல் ஆட்டத்தில் அப்படி முன்கூட்டியே எழுதலாம். எழுதினால் மாற்ற முடியாது. சிப்பாயைக் காக்க எதிராளிக்கு வழியில்லை என்று எல்லோரும் சொன்னோம், நானும். குமாஸ்தா எழுதி, தெருவைக் கடந்து தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

காய்களை எடுத்துவைக்கும்போது டாக்சி ஓட்டுநரின் கை நின்றது. எதிராளியின் மந்திரி எங்கள் பக்கம் வெகுதூரம் ஏறி வந்திருந்தது. அது எங்கே பாயும் என்று மட்டுமே பார்த்திருந்தோம். சாய்வாகப் பின்னுக்கு இழுத்தால் அந்தச் சிப்பாய்க்கு அதுவே காவல். யானை வெட்டியே ஆகவேண்டும். வெட்டினால் யானை போய்விடும்.

“தந்தி அடிச்சிரலாம்ணே.”

“போட்டது போட்டதுதான்” என்றார் குமாஸ்தா.

“அவன் கவனிக்க மாட்டான். நாம இத்தனை பேர் பார்த்தே தெரியல.”

“நமக்கு அவசரம். அவனுக்கு என்னப்பா அவசரம்?”

அடுத்து வந்த ஞாயிறுகளில் யாரும் குரல் உயர்த்தவில்லை. குமாஸ்தா வாசலில் தெரிந்ததும் எல்லோரும் அவருடைய சட்டைப்பையைப் பார்ப்போம். பதில் வரவில்லை என்று அவர் தலையசைப்பார், பாலில்லாத தே ஓ சொல்வார்.

ஒரு ஞாயிறு அவர் தலையசைக்கவில்லை. உட்கார்ந்து, அந்த நிலையைப் பலகையில் அடுக்கினார். எதிராளியின் மந்திரியைப் பின்னுக்கு இழுத்தார். தன் யானையால் சிப்பாயை வெட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“வெட்டுப்பா” என்றார் டாக்சி ஓட்டுநரிடம்.

“இன்னும் ஆடலாம்ணே. டிரா கிடைக்கும்.”

“டிரா வச்சு என்ன பண்றது?”

அவரே யானையை எடுத்துப் பெட்டியில் போட்டார். சட்டைப்பையிலிருந்து தபால்தலை ஒட்டிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டிலேயே எழுதியிருந்தார்.

டாக்சி ஓட்டுநர் அதை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். பெட்டியின் முன் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

“போடுப்பா” என்றார் குமாஸ்தா, கடைக்குள்ளிருந்து.