ஜவுளிக்கடைக்குள் ஓர் ஊர்

நேற்று முன்தினம் காலையில் படகுக்காரர் கலியமூர்த்தி தொலைபேசியில் அழைத்தார். "சார், நம்ம செண்பகம் போயிட்டாங்க. நெஞ்சுவலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றார். மீன் விற்ற செண்பகத்தை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆழிப்பேரலை வந்தபோது, காரைக்காலில் திறப்பு விழாவுக்குக் காத்திருந்த மூன்று மாடி ஜவுளிக்கடைக்கு நான் மேலாளர். அன்று மதியமே ஒரு மீனவ ஊர் முழுவதும் ஈர உடையோடு வாசலில் வந்து நின்றது. பாதிப் பேரைக் கோட்டுச்சேரிக்கும் மீதிப் பேரைப் போலகத்துக்கும் அனுப்பிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார். செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிரிச்சு அனுப்பினா யாரு இருக்கா, யாரு இல்லன்னே தெரியாது சார். நாங்க ஒரே கூரைக்குள்ள இருக்கணும். கதவத் தொறங்க."

முதலாளியைக் கேட்க வேண்டும் என்றேன்.

"தாராளமா கேளுங்க. தொறந்துட்டுக் கேளுங்க."

திறந்துவிட்டேன். முதலாளியும் மறுக்கவில்லை.

அடடா, அடுத்த இரண்டு நாள் அந்தக் கட்டடம் பட்ட பாடு! கரையில் ஒதுங்கிய வலைகளைத் தூணுக்குத் தூண் கட்டி, மேலே சேலைகளைப் போட்டு வீடு வீடாகத் தடுத்தார்கள். கடையின் பிரிவுப் பலகைகளே தெருப் பெயர்கள் ஆயின: பட்டுத் தெரு, வேட்டித் தெரு, ரெடிமேட் தெரு. உடை மாற்றும் அறை ஒரு பச்சை உடம்புக்காரிக்குப் போனது. பிளாஸ்டிக் உறையில் கிடந்த கடைப் பொம்மைகளைப் பார்த்துப் பெண்கள் அலறினார்கள். ஏன் அலறினார்கள் என்று எனக்கும் புரிந்தது. செண்பகம் உறைகளைக் கிழித்து, பொம்மைகளை நிமிர்த்தி நிறுத்தி, அவற்றின் கைகளில் ஈரத்துணியைக் காயப்போட்டார். "சும்மா நிக்கிறதுக்கா வந்தீங்க?" என்று அவற்றை அதட்டவும் செய்தார். எத்தனையோ கடைகளைத் திறந்து பார்த்தவன் நான். அப்படி ஒரு பரபரப்பை எந்தத் திறப்பு விழாவிலும் கண்டதில்லை.

ஒரே சிக்கல், தரைத்தளத்தில் தங்க ஆளில்லை. தண்ணீருக்குப் பயந்து எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். மாடிகளில் கால் வைக்க இடமில்லை. இடம் போதவில்லை என்றால் ஊரைப் பிரித்து அனுப்பத்தான் வேண்டும். செண்பகம் தன் பாயைக் கொண்டுவந்து ஷட்டர் ஓரமாக விரித்தார்.

"வாசப்படியில நான் படுத்துக்கிறேன். தண்ணி வந்தா மொதல்ல என் காலத்தான் நனைக்கும். நான் போடுற சத்தத்துல மூணாவது மாடியே எந்திரிச்சிரும்."

அந்த அலையில் கணவரைப் பறிகொடுத்தவர் சொன்ன பேச்சு இது. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். பொழுது சாய்வதற்குள் தரைத்தளம் நிரம்பியது.

அன்றிலிருந்து தினமும் மாலையில் தெருத் தெருவாகக் குரல் கொடுப்பார். "பட்டுத் தெரு?" "இருக்கோம்!" "வேட்டித் தெரு?" "இருக்கோம்!" கடைசியில் "வாசப்படி?" என்று தானே கேட்டு, "இருக்கேன்" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார்.

ஐந்தாம் நாள் பகலில் மறுபடியும் தண்ணீர் வருகிறது என்று வதந்தி கிளம்பியது. மொட்டைமாடிக்கு முதலில் ஓடியது யார் தெரியுமா? சாவிக்கொத்தும் கையுமாக நான்தான். எட்டிப் பார்த்தால், செண்பகம் ஷட்டரடியில் நின்று ஒவ்வொரு தெருவாகப் பேர் சொல்லி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். நடக்க முடியாத ஒருவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். தண்ணீர் வரவில்லை. கூனிக் குறுகி நின்ற என்னைப் பார்த்து, "சார் முன்னாடியே வந்து எடம் புடிச்சி வச்சிருக்காங்க, நல்லதாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அலைக்குப் பிறகு அவருக்குக் கட்டித் தந்த புது வீட்டுக்கு நேற்று போனேன். கடல் பக்கமாக முதல் வீடு. அதையும் அவரே கேட்டு வாங்கினாராம். உடலைத் தூக்கும் முன் கலியமூர்த்தி கூப்பிட்டார்.

"பட்டுத் தெரு?"

"இருக்கோம்."

"வேட்டித் தெரு?"

"இருக்கோம்."

"ரெடிமேட் தெரு?"

"இருக்கோம்."

"வாசப்படி?"

யாரும் வாய் திறக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்த ஓர் இடத்தைத்தான். அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடிய நான் சொன்னேன்:

"இருக்கேன்."